காசநோயும் வீட்டுச் சிகிச்சையும்

சென்னைக் கடற்கரையிலிருந்து தாம்பரம் செல்லும் மின்சார ரயிலில் பயணம் செய்தவர்கள், தாம்பரத்துக்கு முந்திய நிலையத்தின் பெயரைக் கவனித்திருப்பார்கள். ‘சானடோரியம்’ என்று அதனை அழைக்கிறார்கள். டாக்டர் டேவிட் சௌரி முத்து 1928-ஆம் ஆண்டில் அங்கு நிறுவிய காசநோய் ஆரோக்கிய நிலையமே அந்த இடத்துக்குப் பெயராயிற்று. இன்று அது நெஞ்சக நோய்களுக்கான அரசு மருத்துவமனையாக விளங்குகிறது. அந்த நிலையத்தில் ஏறி இறங்குவோரில் பலருக்கு, அச்சொல் ஒரு காலத்தில் எத்தனை குடும்பங்களில் அச்சத்தையும் நம்பிக்கையையும் ஒருங்கே எழுப்பியது என்பது தெரிந்திராது.

சானடோரியம் என்றால் என்ன? நகரத்தின் நெருக்கடிக்கு அப்பால், மரங்கள் நிறைந்த திறந்தவெளியில் அமைந்த மருத்துவமனை. அங்கே தூய காற்று, முழு ஓய்வு, பாலும் முட்டையும் கலந்த சத்துணவு ஆகிய மூன்றுமே சிகிச்சையாக இருந்தன. நோயாளி மாதக்கணக்கில், சில வேளைகளில் ஆண்டுக்கணக்கில், படுக்கையிலேயே கிடப்பார். காசநோயின் கிருமியை ஜெர்மானிய அறிஞர் ராபர்ட் காக் 1882-ஆம் ஆண்டு மார்ச் 24-ஆம் நாள் உலகுக்கு அறிவித்தார். ஆயின் அக்கிருமியை உடலுக்குள்ளேயே கொல்லும் மருந்து அதன் பின்னரும் அறுபது ஆண்டுகள் வரை கிட்டவில்லை. பகைவன் இன்னான் என்று தெரிந்தும் கையில் ஆயுதம் இல்லாத நிலை அது. அந்நிலையில் உடலுக்கு வலிமை ஊட்டி, நோயை அதுவாகவே அடங்கச் செய்வதைத் தவிர வைத்தியர்களுக்கு வேறு வழி இல்லை.

இந்தியாவைப் பொறுத்தவரை இம்முறைக்கு ஒரு பெருந்தடை இருந்தது. அது வெறும் கணக்கு. நாட்டின் சுகாதார நிலையை ஆராய்ந்த போர் கமிட்டி 1946-ஆம் ஆண்டில் அறிக்கை வெளியிட்டபோது, இந்தியாவில் சுமார் 25 லட்சம் காசநோயாளிகள் இருக்கக்கூடும் என்றும், ஆண்டுதோறும் 5 லட்சம் பேர் அந்நோயால் இறக்கின்றனர் என்றும் மதிப்பிட்டது. அவர்களுக்கென நாடு முழுவதும் இருந்த படுக்கைகளோ சுமார் 6,000. நானூறு நோயாளிகளுக்கு ஒரு படுக்கை என்றாகிறது. ஒருவர் படுக்கையில் இடம் பெறும்போது ஏனையோர் வாயிலில் நின்றனர். படுக்கைகளைப் பத்து மடங்காகப் பெருக்கினாலும் நாற்பது பேருக்கு ஒன்றுதான் கிடைக்கும்.

நோய் நகரங்களின் துன்பம் என்றே அந்நாளில் பலரும் கருதி வந்தனர். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் 1955 முதல் 1958 வரை நடத்திய தேசிய மாதிரிக் கணக்கெடுப்பு அந்த எண்ணத்தையும் தகர்த்தது. நகரத்தில் இருந்த அளவுக்குக் கிராமத்திலும் காசநோய் இருந்தது. ஆயிரம் பேரில் ஏறத்தாழ நால்வரின் கோழையில் கிருமிகள் காணப்பட்டன. மக்களில் மிகப் பெரும்பாலோர் கிராமங்களில் வாழ்ந்தமையால், நோயாளிகளிலும் பெரும்பாலோர் அங்கேயே இருந்தனர். எந்தச் சானடோரியத்தின் வாயிலுக்கும் வந்து சேர முடியாதவர்கள் அவர்கள்.

இதற்கிடையே மருந்துகள் வந்துவிட்டன. 1940-களில் ஸ்ட்ரெப்டோமைசினும் பி.ஏ.எஸ். என்ற மருந்தும், 1952-ஆம் ஆண்டில் ஐசோநியாசிடும் பயனுக்கு வந்தன. இவற்றுள் ஐசோநியாசிட் மலிவானது, மாத்திரையாக விழுங்கத் தக்கது, ஊசி தேவையில்லை. உடனே ஒரு கேள்வி எழுந்தது. மருந்தே கிருமியைக் கொல்லுமாயின், நோயாளி தம் வீட்டிலேயே இருந்துகொண்டு அதனை உட்கொண்டால் போதாதா?

இன்று எளிதாகத் தோன்றும் இக்கேள்வி அன்று எளிதாக இல்லை. அனுபவம் முதிர்ந்த வைத்தியர்கள் எழுப்பிய ஆட்சேபங்கள் நியாயமானவையே. ஒற்றை அறையில் ஆறேழு பேர் வாழும் வீட்டில் நோயாளிக்கு ஓய்வு ஏது? அரைவயிற்றுக் கஞ்சியுடன் மருந்து எப்படி வேலை செய்யும்? அவர் இருமும் இருமல் பக்கத்தில் படுத்திருக்கும் குழந்தையைப் பற்றாதா? கண்காணிப்பார் இல்லாத இடத்தில் ஓராண்டுக் காலம் அவர் ஒழுங்காக மருந்து உண்பார் என்பதற்கு என்ன உறுதி? இக்கேள்விகளுக்கு ஊகத்தால் விடை கூற இயலாது. வீட்டுச் சிகிச்சை தவறானதாயின், ஏழைகளுக்கு இரண்டாந்தர வைத்தியம் அளித்த பழி அரசைச் சேரும். அது சரியானதாக இருந்தும் மேற்கொள்ளப்படாதிருந்தால், லட்சக்கணக்கான உயிர்கள் படுக்கைக்குக் காத்திருந்தே மடியும்.

விடை காணும் பொருட்டு 1956-ஆம் ஆண்டில் சென்னையில் காசநோய் மருந்துச் சிகிச்சை ஆராய்ச்சி நிலையம் தொடங்கப்பெற்றது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில், சென்னை அரசு, உலக சுகாதார ஸ்தாபனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் ஆகிய நான்கும் இதில் கைகோத்தன. பிரிட்டிஷ் மருத்துவர் வாலஸ் ஃபாக்ஸ் தொடக்க ஆண்டுகளில் இப்பணியை வழிநடத்தினார். சென்னை நகரின் நெருக்கமான ஏழைக் குடியிருப்புகளைச் சேர்ந்த 193 நோயாளிகள் ஆராய்ச்சியில் சேர்க்கப்பட்டனர்.

அவர்களுள் யார் சானடோரியம் செல்வது, யார் வீட்டில் இருப்பது என்பதை வைத்தியரோ நோயாளியோ முடிவு செய்யவில்லை. திருவுளச் சீட்டு எடுப்பதைப் போன்று அது தற்செயலுக்கு விடப்பட்டது. இதன் காரணம் அறியத்தக்கது. வைத்தியர் தம் விருப்பப்படி பிரித்தால், நோய் முற்றியவரைச் சானடோரியத்துக்கும் நோய் இலேசானவரை வீட்டுக்கும் அனுப்ப மனம் இடம் கொடுக்கும். பிறகு கிடைக்கும் பலனில் எது இடத்தால் விளைந்தது, எது நோயின் தன்மையால் விளைந்தது என்று பிரித்தறிய முடியாது. தற்செயலாகப் பிரிக்கும்போது இரு பிரிவினரும் ஏறக்குறைய ஒரே தன்மையினராக அமைவர். வேறுபடுவது இடம் ஒன்றே.

இரு பிரிவினருக்கும் ஒரே மருந்து, ஐசோநியாசிடும் பி.ஏ.எஸ்-ஸும், ஓராண்டு காலத்துக்கு அளிக்கப்பட்டது. சானடோரியத்தில் இருந்தோர்க்கு ஓய்வும் நல்ல உணவும் நல்ல காற்றும் இருந்தன. வீட்டில் இருந்தோர் வாரந்தோறும் நிலையத்துக்கு வந்து மருந்து பெற்றுச் சென்றனர். சுகாதாரப் பணியாளர் அவர்களுடைய வீடுகளுக்குச் சென்று குடும்பத்தாரிடம் பேசினர். முன்னறிவிப்பின்றிச் சென்று எஞ்சிய மருந்தை எண்ணிப் பார்ப்பதும், சிறுநீரைச் சோதித்து மருந்து உட்சென்றதா என அறிவதும் உண்டு.

முடிவுகள் 1959-ஆம் ஆண்டில் வெளியாயின. ஓராண்டின் இறுதியில் சானடோரியப் பிரிவில் நூற்றுக்கு 92 பேருக்கும், வீட்டுப் பிரிவில் நூற்றுக்கு 86 பேருக்கும் நோய் அடங்கியிருந்தது. சிறு வேறுபாடு உண்டு; ஆனால் யாரும் அஞ்சிய பெருவேறுபாடு இல்லை. வீட்டில் இருந்தோர் குறைவாக உண்டனர், அதிகமாக உழைத்தனர், அவர்களுடைய உடல் எடையும் மற்றவர்களுக்குக் கூடிய அளவு கூடவில்லை. இருந்தும் அவர்களுடைய நுரையீரலில் கிருமிகள் ஒழிந்தன. பின்னும் பல ஆண்டுகள் இரு பிரிவினரையும் தொடர்ந்து கவனித்தபோது, நோய் திரும்பியது வீட்டுப் பிரிவில் அதிகம் என்று சொல்ல இடமில்லாது போயிற்று.

எல்லாவற்றினும் வியப்பளித்தது குடும்பத்தாரைப் பற்றிய முடிவே. நோயாளி வீட்டிலேயே இருந்த குடும்பங்களிலும், நோயாளி சானடோரியத்துக்குச் சென்றுவிட்ட குடும்பங்களிலும் புதிதாக நோயுற்றோர் விகிதம் ஏறத்தாழ ஒன்றாகவே இருந்தது. இதற்கு விளக்கம் உண்டு. காசநோய்க் கிருமி இருமும்போதும் தும்மும்போதும் காற்றில் கலந்து பரவுகிறது. நோய் இன்னதென்று கண்டறியப்படுவதற்கு முன் பல மாதங்கள் நோயாளி இருமிக்கொண்டே வீட்டில் இருந்திருப்பார். குடும்பத்தாரைக் கிருமி தொற்றுவது பெரும்பாலும் அக்காலத்திலேயே. தக்க மருந்து தொடங்கிய பின் கிருமியைப் பரப்பும் ஆற்றல் விரைவில் தணிந்துவிடுகிறது. நோயாளியை வீட்டைவிட்டு விலக்குவதைக் காட்டிலும், அவருடைய நோயை விரைந்து கண்டறிந்து மருந்து தொடங்குவதே குடும்பத்துக்குக் காப்பு என்பது இதனால் பெறப்படும்.

சானடோரியங்களைக் கட்டியவர்கள் பிழை செய்தார்கள் என்று இதற்குப் பொருள் கொள்ளலாகாது. மருந்து இல்லாத காலத்தில் செய்யக்கூடியதை அவர்கள் செய்தார்கள். மருந்து வந்த பிறகு கேள்வி மாறிவிட்டது; கேள்வி மாறியதை ஆராய்ச்சி உணர்த்தியது. ஏழை நாட்டு மக்களின் வாழ்க்கை நிலையிலேயே, அவர்களுடைய ஒற்றை அறை வீடுகளிலேயே சோதித்துப் பெற்ற விடை என்பதே இதன் தனிச்சிறப்பு. பணமுள்ள நாடுகளும் பின்னர் இவ்விடையை ஏற்றன. அங்கும் சானடோரியங்கள் படிப்படியாக மூடப்பட்டன.

ஆயின் கதை இத்துடன் முடியவில்லை. சென்னை ஆராய்ச்சி நாட்டுக்கு ஒரு வாய்ப்பைத் தந்தது. அத்துடன் ஒரு கடமையையும் சுமத்தியது. ஆராய்ச்சியில் நோயாளி தனித்து விடப்படவில்லை. வாரந்தோறும் மருந்து கிடைத்தது. வராதவரைத் தேடி வீட்டுக்கு ஆள் சென்றது. ‘வீட்டுச் சிகிச்சை’ என்ற இரண்டு சொற்களில் வீடு என்பதை மட்டும் எடுத்துக்கொண்டு, தேடிச் செல்வதை விட்டுவிட்டால் எஞ்சுவது கைவிடுதலே.

மருந்து ஏன் நீண்ட காலம் தொடர வேண்டும் என்பதை இங்கே கூறிவிடலாம். பல கிருமிகள் இருபது நிமிடங்களில் ஒன்று இரண்டாகப் பெருகும். காசநோய்க் கிருமிக்கு அதற்கே ஏறத்தாழ இருபது மணி நேரம் ஆகிறது. அவற்றுள் சில நீண்ட நாள் உறங்கிக் கிடக்கும். பெருகும் கிருமியையே மருந்து எளிதில் கொல்லும். உறங்குவது தப்பிப் பிழைக்கும். ஒரு மாதத்திலோ இரண்டு மாதத்திலோ காய்ச்சல் நின்று, பசி எடுத்து, நோயாளி தம்மைச் சுகமானவர் என்று கருதும்போது, உறங்கும் கிருமிகள் உள்ளே இருக்கின்றன. மருந்தை அப்போது நிறுத்தினால் நோய் திரும்பும். ஒரே மருந்தை மட்டும் உட்கொண்டாலோ, மருந்தை விட்டுவிட்டு உட்கொண்டாலோ, மருந்துக்கு மசியாத கிருமிகள் எஞ்சிப் பெருகும். பின்னர் அம்மருந்து அவருக்குப் பயன்படாது; அவரிடமிருந்து நோய் பெற்றவருக்கும் பயன்படாது.

இதனை உணர்ந்த சென்னை நிலையத்தார், பணியாளர் கண்ணெதிரிலேயே நோயாளி மருந்து உட்கொள்ளும் முறையை ஆராய்ந்தனர். நாள்தோறும் வருவது கடினமாகையால், வாரம் இருமுறை மருந்து அளித்தால் போதுமா என்று சோதித்து, போதும் எனக் கண்டு 1964-ஆம் ஆண்டில் வெளியிட்டனர். பல்லாண்டுகளுக்குப் பின் உலக சுகாதார ஸ்தாபனம் எல்லா நாடுகளுக்கும் பரிந்துரைத்த நேரடிக் கண்காணிப்புச் சிகிச்சைக்கு இதுவும் ஒரு வித்தாயிற்று.

நோயாளி ஏன் சிகிச்சைக்கு வருவதில்லை என்ற கேள்வியையும் அக்காலத்திலேயே சிலர் எழுப்பினர். 1959-ஆம் ஆண்டில் பெங்களூரில் நிறுவப்பெற்ற தேசியக் காசநோய் நிலையத்தைச் சேர்ந்த பானர்ஜியும் ஆண்டர்சனும் தும்கூர் மாவட்டக் கிராமங்களில் ஆராய்ந்து, 1963-ஆம் ஆண்டில் ஓர் உண்மையை வெளிப்படுத்தினர். கிராமத்தார் அறியாமையால் நோயைப் பொருட்படுத்துவதில்லை என்று பட்டணத்தார் நினைத்திருந்தனர். நோய்க்குறி உடையவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் ஏற்கெனவே வைத்திய நிலையங்களை நாடிச் சென்றவர்களாக இருந்தனர். கோழையைச் சோதியாமல், இருமல் மருந்து கொடுத்து அவர்களில் பலர் அனுப்பப்பட்டிருந்தனர். அவர்கள் வந்தார்கள்; நிலையங்கள் அவர்களைக் காணவில்லை.

1962-ஆம் ஆண்டில் தொடங்கிய தேசியக் காசநோய்த் திட்டம் இப்பாடங்களின் மீதே வகுக்கப்பட்டது. ஆயினும் பணமும் ஆளும் மருந்தும் போதிய அளவு இல்லாமையால் அது தளர்ந்தது. 1992-ஆம் ஆண்டில் திட்டத்தை மதிப்பிட்டபோது, சிகிச்சையை முழுமையாக முடித்தோர் பாதிக்கும் குறைவு எனத் தெரியவந்தது. அதன் பின்னர் திருத்தியமைக்கப்பட்ட திட்டம் 1997-ஆம் ஆண்டில் தொடங்கி 2006-ஆம் ஆண்டுக்குள் நாடு முழுவதும் பரவியது. புதிய மருந்துகளின் உதவியால் சிகிச்சைக் காலமும் ஆறு மாதமாகச் சுருங்கியது.

அரசாங்க அறிக்கைகளை மொழிபெயர்ப்பதையே தொழிலாகக் கொண்ட நமக்கு இவ்விடத்தில் ஒரு சொல் பற்றிக் கூற வேண்டியிருக்கிறது. இடையில் சிகிச்சையை விட்டவரைப் பழைய அறிக்கைகள் ‘டிஃபால்ட்டர்’ என்றே குறித்தன. கடனைச் செலுத்தாதவனுக்கும் நீதிமன்றத்தில் ஆஜராகாதவனுக்கும் வழங்கும் சொல் அது. ‘தவறியவர்’ என்று நாமும் எத்தனையோ பக்கங்களில் எழுதியிருக்கிறோம். எழுதும்போது ஐயம் தோன்றவில்லை. தும்கூர் ஆராய்ச்சியைப் படித்த பிறகே, தவறியவர் யார் என்ற கேள்வி நம்மை உறுத்தியது. கூலியை இழந்து பத்து மைல் நடந்து வந்து, மருந்து இன்று இல்லை, அடுத்த வாரம் வா என்று கேட்டுத் திரும்பியவரைத் ‘தவறியவர்’ என்று எழுதுவது மொழிபெயர்ப்பாகாது; அது தீர்ப்பாகும். உலக சுகாதார ஸ்தாபனமும் 2013-ஆம் ஆண்டில் அச்சொல்லைக் கைவிட்டு, ‘தொடர்பு விட்டுப்போனவர்’ என்னும் பொருள்படும் தொடரை ஏற்றது. தொடர்பு என்பது இரு கைகள் பற்றியிருப்பது. விட்டுப்போனால் எந்தக் கை விட்டது என்று இரு புறமும் கேட்க வேண்டும்.

இனி உணவைப் பற்றி ஒரு சொல். சத்துணவு இன்றியும் மருந்து வேலை செய்தது என்று சென்னை ஆராய்ச்சி கூறிற்று. இதைக் கொண்டு, காசநோய்க்கும் பசிக்கும் தொடர்பில்லை என்று முடிவு கட்டுவது பெருந்தவறு. வந்த நோயை எது போக்கும் என்பது ஒரு கேள்வி. நோய் வராமல் எது தடுக்கும் என்பது வேறு கேள்வி. இரண்டாவது கேள்விக்கு ஜார்க்கண்ட் மாநிலத்தின் நான்கு மாவட்டங்களில் 2019 முதல் 2022 வரை நடந்த ஆராய்ச்சி விடையளித்தது. 2,800 நோயாளிகளும் அவர்களுடைய குடும்பத்தினர் பத்தாயிரத்துக்கு மேற்பட்டோரும் அதில் இடம் பெற்றனர். நோயாளிகள் அனைவருக்கும் உணவுப் பொருள் வழங்கப்பட்டது. அவர்களுடைய குடும்பத்தாரில் ஒரு பிரிவினருக்கு மட்டும், ஆளுக்கு மாதம் 5 கிலோ அரிசியும் 1.5 கிலோ பருப்பும் சத்து மாத்திரைகளும் கூடுதலாக அளிக்கப்பட்டன. கூடுதல் உணவு பெற்ற குடும்பங்களில் புதிதாகக் காசநோய் கண்டோர் நூற்றுக்கு 39 அளவு குறைந்தனர். பிறருக்குப் பரவக்கூடிய வகை நோய் ஏறத்தாழ பாதியாகக் குறைந்தது. தடுப்பூசிக்கு ஒப்பான காப்பை அரிசியும் பருப்பும் அளித்தன என்றால் மிகையன்று.

நோயாளிகளின் ஊட்டத்துக்கென மத்திய அரசு 2018-ஆம் ஆண்டில் மாதம் 500 ரூபாய் வழங்கும் திட்டத்தைத் தொடங்கி, 2024-ஆம் ஆண்டில் அதனை 1,000 ரூபாயாக உயர்த்தியது. ‘நிக்ஷய்’ என்பது அதன் பெயர். க்ஷயம் என்றால் தேய்தல். நிக்ஷயம் என்றால் தேய்வற்ற நிலை. நம் முன்னோர் காசநோய்க்கு இட்ட பெயரே அதன் தன்மையைச் சொல்லிவிடுகிறது. உடலைத் தேயச் செய்வது அது. தேய்ந்த உடலைத் தேடிப் பற்றுவதும் அதுவே.

2024-ஆம் ஆண்டில் வெளியான உலக அறிக்கையின்படி, உலகில் காசநோய் காண்போரில் நால்வரில் ஒருவருக்கு மேற்பட்டோர் இந்தியர். இந்நிலையில் நாம் ஒவ்வொருவரும் அறிந்திருக்க வேண்டியவை சில உள. இரண்டு வாரங்களுக்கு மேல் இருமல் நீடித்தாலும், மாலைக் காய்ச்சலும் எடைக் குறைவும் காணப்பட்டாலும், கோழையைச் சோதித்துக்கொள்ள வேண்டும். அரசு நிலையங்களில் சோதனைக்கும் மருந்துக்கும் கட்டணம் இல்லை. வீட்டில் ஒருவருக்கு நோய் காணின், உடன் வாழ்வோர் அனைவரும், சிறப்பாகக் குழந்தைகள், சோதிக்கப்பட வேண்டும். சன்னல்களைத் திறந்து வையுங்கள். தட்டையும் தம்ளரையும் தனியே ஒதுக்கத் தேவையில்லை. அவற்றால் இந்நோய் பரவுவதில்லை. இருமும்போது வாயை மூடிக்கொள்வதும் மருந்தை ஒரு நாளும் விடாதிருப்பதுமே குடும்பத்தைக் காக்கும்.

நோயுற்றவரைத் தொலைவில் கொண்டுபோய் வைப்பதே காப்பு என்று நம் பாட்டன்மார் நம்பினர். நோயாளி தம் இல்லத்தில், தம் மக்கள் நடுவிலேயே குணமடையலாம் என்று சென்னையின் ஏழைக் குடியிருப்புகளில் வாழ்ந்த 193 பேர் நமக்குக் காட்டிச் சென்றனர். அவர்கள் காட்டிய வழியில் மருந்து அவ்வில்லங்களை நாள் தவறாமல் சென்றடைய வேண்டும். உணவும் உடன் செல்ல வேண்டும். ஒரு வாரம் ஒருவர் வரவில்லையெனில், அவர் ஏன் தவறினார் என்று ஏட்டில் எழுதுமுன், அவருடைய கதவை ஒருவர் சென்று தட்ட வேண்டும்.